கெடுக்கத் தெரியாத கை

என் மேசை இழுப்பறையில் பழைய பிஸ்கட் டின் ஒன்று இருக்கிறது. உள்ளே இருப்பவை எல்லாம் கெட்டுப்போன வாழ்த்து அட்டைகள். நடு மடிப்பு கோணிப் போனது, பசை கசிந்து கறை பட்டது, விரித்தால் நிமிர்ந்து நிற்க வேண்டிய பொங்கல் பானை குப்புற விழுந்தது என்று இருபது வருடத்துக்கு மேலாகச் சேர்ந்தவை. ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் என் கைவரிசை. அந்த ஒன்று எதிர் வீட்டு அக்கா செய்தது. இத்தனை வருடத்தில் அவர் கெடுத்து நான் பார்த்த ஒரே அட்டை அதுதான்.

நான் மதுரைக்காரி. ஆசிரியை வேலை கிடைத்து 2001இல் சாத்தூர் பக்கம் வந்தேன். காராச்சேவுக்கும், ஒரு காலத்தில் பேனா நிப்புக்கும் பேர்போன ஊர். சுற்றிலும் கரிசல். ஒரு பக்கம் சிவகாசி, இன்னொரு பக்கம் கோவில்பட்டி. காலையில் தீப்பெட்டி ஆபீஸ்களுக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு வேன்கள் போகும்.

பொங்கல் வாழ்த்து அட்டையின் காலம் அப்போதே முடிந்துகொண்டிருந்தது. என் சிறுவயதில், எண்பதுகளில், மார்கழி பிறந்துவிட்டால் கடை வாசல்களில் கயிறு கட்டி அட்டைகளைத் தொங்க விடுவார்கள். கரும்பும் பானையும், ஜோடி மாடு, முருகன், ரஜினி, கமல். உறையின் வாயை ஒட்டாமல் உள்ளே செருகி, மேலே ‘புக் போஸ்ட்’ என்று எழுதி அனுப்புவோம். ஒட்டாமல் அனுப்பினால் தபால் தலைக்குக் குறைவான காசு. பிறகு செல்போன் வந்தது. ஒரே வாழ்த்தை நூறு பேருக்கு அனுப்பும் வசதியும் வந்தது. யாருக்கு எந்த அட்டை என்று கடை வாசலில் நின்று யோசிக்கிற வேலை போயிற்று. எனக்கு அது ஒரு குறையாகவே இருந்தது. பள்ளியில் கைவேலை வகுப்பு என் பொறுப்பில் இருந்ததால், பிள்ளைகளைத் தங்கள் கையாலேயே அட்டை செய்யவைக்கலாம் என்று ஆரம்பித்தேன். மாதிரி செய்து பார்க்க, மாலையில் வீட்டுத் திண்ணையில் சார்ட் பேப்பரும் கத்தரிக்கோலுமாக உட்கார்ந்துவிடுவேன்.

எதிர் வீட்டு அக்கா ஜாக்கெட் தைப்பவர். என்னைவிட ஐந்து வயது மூத்தவர். மின்சாரம் போனால் தையல் மிஷினை விட்டுவிட்டு என் திண்ணைக்கு வருவார். முதல் நாள் ஒன்றும் பேசாமல் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் பெவிகால் டப்பாவைக் கவிழ்த்து, அட்டையின் முதுகில் பாம்பு ஊர்வதுபோல் வளைத்து வளைத்துப் பிழிந்து, வண்ணத்தாளை மேலே வைத்து அமுக்கினேன். ஓரமெல்லாம் வெள்ளையாகப் பிதுங்கியது. கொஞ்ச நேரத்தில் அட்டை அப்பளம்போல் வளைந்துகொண்டது.

“இம்புட்டுப் பசை எதுக்கு டீச்சர்? தாளு குளிச்சு எந்திரிச்சுருச்சு பாருங்க.”

சொல்லிவிட்டு என் கையிலிருந்த உறைகளை வாங்கினார். வகுப்புப் பிள்ளைகளுக்காக நான் வெட்டி மடித்து வைத்திருந்தவை. பத்து உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, பெருவிரலால் ஒரு தள்ளு தள்ளினார். சீட்டுக்கட்டு விரிவதுபோல் எல்லாம் நகர்ந்தன. ஒவ்வொரு உறையின் ஓரமும் சரியாக ஒரு விரற்கடை அளவுக்கு வெளியே தெரிந்தது. மேலே இருந்த உறையை ஒரு காகிதத்தால் மூடி, அதற்கும் ஒரு விரற்கடைதான் வெளியே விட்டார். பசையைத் துளியளவு தொட்டு, நடுவிரலால் மேலிருந்து கீழே ஒரே இழுப்பு. பத்து உறைக்கும் ஒரே நேரத்தில் பசை தடவியாயிற்று. எதிலும் கூடவில்லை, எதிலும் குறையவில்லை. பிறகு ஒவ்வொன்றாக எடுத்து மடித்துப் பெருவிரல் நகத்தால் நீவிப் போட்டார். அவர் பத்தாவதை ஒட்டி முடிக்கும்போது நான் வாயைப் பிளந்துகொண்டிருந்தேன்.

“எங்கக்கா கத்துக்கிட்டீங்க?”

“சின்னப் பிள்ளையில” என்றார். அதற்குமேல் சொல்லவில்லை. மின்சாரம் வந்துவிட்டது, எழுந்து போய்விட்டார்.

நான் அதை ஒரு வித்தையாகத்தான் எடுத்துக்கொண்டேன். மறுநாள் வகுப்பில் செய்து காட்டினேன். பிள்ளைகள் கைதட்டினார்கள். ‘விசிறிப் பசை’ என்று அதற்கு ஒரு பேர்கூட வைத்தேன். இப்போது நினைத்தால் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. ஒருவரிடமிருந்து ஒரு வித்தையை வாங்கிக்கொள்ளும்போது, அது எந்த வீட்டிலிருந்து, என்ன விலைக்கு வந்தது என்று நாம் கேட்பதில்லை.

அந்த மார்கழி முழுக்க அக்கா வந்தார். நானும் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். முதலில் நார் ஓடும் திசை. ஆலையில் காகிதக் கூழ் வலையின்மேல் ஓடும்போது நார்கள் பெரும்பாலும் அந்த ஓட்டத்தின் போக்கிலேயே படுத்துவிடுகின்றன. அகல நாளிதழை மேலிருந்து கீழாகக் கிழித்தால் ஸ்கேல் வைத்துக் கிழித்ததுபோல் வரும். குறுக்கே கிழித்தால் தாறுமாறாக எகிறும். அட்டையை நார் ஓடும் திசையில் மடித்தால் வழுவழுப்பாக மடியும். குறுக்கே மடித்தால் மடிப்பின் மேல் வெடிப்பு விழும், அச்சடித்த அட்டையானால் வெள்ளைக் கோடு தெரியும். நார் தண்ணீரைக் குடித்தால் பருக்கும், ஆனால் அவ்வளவாக நீளாது. பசை தடவிய தாள் ஒரு பக்கமாகச் சுருண்டுகொள்வது அதனால்தான். இதையெல்லாம் நான் பாடம்போல் விளக்க, அக்கா ஒரு சார்ட் துண்டை எடுத்து இரண்டு பக்கமும் இலேசாக வளைத்துப் பார்த்தார்.

“இந்தப் பக்கம் சத்தம் வரலை. அந்தப் பக்கம் முறுக்குது. இதத்தானே சொல்றீங்க?”

இதைத்தான் சொன்னேன். எனக்குக் காரணம் தெரிந்திருந்தது. அவர் காது அதைத் தெரிந்து வைத்திருந்தது.

அடுத்து, மடிப்புக்கு முன் கீறுவது. தடித்த தாளை அப்படியே மடிக்கக் கூடாது. மை தீர்ந்த ரீஃபிலை ஸ்கேல் ஓரமாக அழுத்தி ஓட்டினால் தாள் அறுபடாமல் ஒரு பள்ளம் விழும். அந்தப் பள்ளத்தில் மடிப்பு தானாக வந்து உட்காரும். இது அவருக்கு மிகவும் பிடித்துவிட்டது. தன் மகனுடைய பழைய ரீஃபில்களையெல்லாம் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி வைத்துக்கொண்டார்.

மூன்றாவது, விரியும் அட்டை. ஏ4 தாளைப் பாதியாக வெட்டினால் 210க்கு 148 மில்லிமீட்டர். அதை இரண்டாக மடித்தால் ஒரு பக்கத்தின் அகலம் பத்தரை சென்டிமீட்டர். மடிப்பிலிருந்து இரண்டு வெட்டுப் போட்டு, நடுவில் இருக்கும் பட்டையை உள்பக்கமாகத் தள்ளி மடித்தால், அட்டையைத் திறக்கும்போது அது ஒரு சின்னப் படிபோல் எழுந்து நிற்கும். அந்தப் படியின் முகத்தில் பானையை ஒட்டிவிட்டால் பொங்கல் வாழ்த்து தயார். இதில் ஒரு கணக்கு உண்டு. வெட்டு 4 சென்டிமீட்டர் என்றால், அட்டையை மூடும்போது அந்தப் பட்டை மடிப்பிலிருந்து 8 சென்டிமீட்டர் வரை நீளும். வெட்டு 6 என்றால் 12 நீளும். அட்டையோ பத்தரைதான். ஒன்றரை சென்டிமீட்டர் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். வெட்டு பக்கத்தின் பாதியைத் தாண்டக் கூடாது. நான் இதைக் கற்றுக்கொண்டது துருத்திய ஆறேழு அட்டைகளிலிருந்து. டின்னின் அடியில் இருப்பவை அவைதாம்.

அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். கீறினார், மடித்தார், ஒட்டினார். வெட்ட மட்டும் மாட்டார். அளந்த இடத்தைத் திரும்ப அளப்பார். பென்சிலால் குறிப்பார், மறுபடி ஸ்கேல் வைப்பார். தாளைக் கத்தரிக்கோலின் வாயருகே கொண்டுபோய், “நீங்களே வெட்டிக் குடுங்க டீச்சர்” என்று நீட்டிவிடுவார். நாள் முழுக்க முன்னூறு ரூபாய்த் துணியில் கூசாமல் கத்தரி போடுகிறவருக்கு, இரண்டு ரூபாய் சார்ட் தாளில் கை ஓடவில்லை.

“தாளுதானேக்கா, போனாப் போகுது. வெட்டுங்க.”

“போனாப் போகுதுன்னு சொல்ல வாய் வரமாட்டேங்குது டீச்சர்.”

அன்றுதான் சொன்னார். ஏழு வயதில் தீப்பெட்டி ஒட்ட உட்கார்ந்தாராம். வீட்டுத் திண்ணையில் அம்மா, இரண்டு அக்காக்கள், இவர். கம்பெனியிலிருந்து மரச்சீவலும் நீலத்தாளும் கணக்குப் பார்த்து வரும். பலகையில் பசையைத் தேய்த்து, தாளை அதன்மேல் பரப்பி எடுத்து, சீவலைச் சுற்றி மடித்து, பெருவிரலால் நீவிப் போட வேண்டும். கூலி குரோஸ் கணக்கு. ஒரு குரோஸ் என்றால் 144. நீவியது சரியில்லாமல் வாய் பிளந்த பெட்டிகளை ஒதுக்கிவிடுவார்கள். ஒதுக்கியதற்குக் கூலி கிடையாது, வீணான தாளுக்குப் பிடித்தமும் உண்டு. பசையும் அளந்துதான் வரும். அதைக் கூடத் தடவினால் அம்மாவின் கை முதுகில் விழும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது.

“ஒரு தாளு கெட்டா அன்னிக்கு ராத்திரி அது கணக்குல நிக்கும். அந்த நெனப்பு கையை விட்டுப் போகலை டீச்சர்.”

சொல்லும்போது அவர் குரலில் வருத்தம் ஒன்றும் இல்லை. கடைக்குப் போய்விட்டு வந்த கதைபோலத்தான் சொன்னார். நான்தான் அவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வலது பெருவிரல் நகம் தட்டையாக, அகன்று, இடதுகை நகத்துக்குச் சம்பந்தமில்லாமல் இருந்தது. முதல் நாள் பத்து உறைகளை நீவிய நகம்.

அவர் ஒட்டிக்கொண்டிருந்த வருடங்களில் அதைத் தடுக்கச் சட்டம் சரியாக இல்லை. குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் 1986இல் வந்தது. அப்போது அக்காவுக்குப் பதினெட்டு வயது, கல்யாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். வந்த சட்டமும் வீட்டில் குடும்பத்தாரோடு செய்யும் வேலையைத் தொடவில்லை. சிவகாசி வட்டாரத் தீப்பெட்டித் தொழிலில் இருந்த பிள்ளைகள் குறித்து எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் தீர்ப்புச் சொன்னது. அபாயகரமான தொழிலில் ஒரு குழந்தையை வைத்திருந்தால், அந்தக் குழந்தைக்காக முதலாளி 20,000 ரூபாய் நிதியாகக் கட்ட வேண்டும் என்றது. அந்தத் தீர்ப்பு வந்தபோது அக்காவின் மகன் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தான். அவரைப் பொறுத்தவரை எல்லாமே கொஞ்சம் தாமதம்தான்.

அதற்குப் பிறகு எனக்கு அந்த ‘விசிறிப் பசை’ என்ற பேர் கசந்துவிட்டது. தாள் மடிப்பு என்பதே எனக்கு வேறு வழியாக வந்து சேர்ந்தது. மதுரையில் என் பள்ளியில் வாரம் ஒரு கைவேலை வகுப்பு. கலர் பேப்பர் கொடுப்பார்கள். கத்திக்கப்பல், காமிரா, தவளை செய்வோம். கெட்டுப்போனால் கசக்கிப் போட்டுவிட்டு இன்னொரு தாள் கேட்போம். கொடுப்பார்கள். அந்த இன்னொரு தாள்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தது என்று அன்றைக்குத் தெரியாது.

தாளை மடித்துக் கற்பிப்பது இங்கே புதிதல்ல. சென்னையில், அன்றைய மதராஸில், 1893இல் ஒரு ஆங்கிலப் புத்தகம் வந்தது. டி. சுந்தர ராவ் எழுதியது. ஸ்கேலும் காம்பஸும் இல்லாமல் தாளை மடித்தே வடிவக்கணிதம் கற்பிக்கலாம் என்று காட்டுகிற நூல். சதுரத்தில் தொடங்கி முக்கோணம், ஐங்கோணம், வட்டம் என்று போகும். ஜெர்மன் கணித அறிஞர் பெலிக்ஸ் கிளைன் தன் நூலொன்றில் அதைக் குறிப்பிட்டார். 1901இல் சிகாகோவில் அது மறுபதிப்பு வந்தது. இந்த நூலுக்கான யோசனை, பிரோபெல் தொடங்கிய கிண்டர்கார்ட்டன் முறையில் சிறுபிள்ளைகளுக்குக் கொடுக்கும் விளையாட்டுப் பெட்டியிலிருந்து வந்ததாகச் சுந்தர ராவே முன்னுரையில் சொல்கிறார். அந்தப் பெட்டியில் இருந்தவை மடிப்பதற்கென்றே வெட்டிய இருநூறு வண்ணச் சதுரத் தாள்கள். இருநூறு! ஒரு குழந்தை எத்தனை கெடுத்தாலும் மிச்சம் இருக்கும்.

அந்தப் புத்தகம் வந்து முப்பது வருடம் ஆகும்போது, கல்கத்தா போய்க் கற்றுக்கொண்டு வந்தவர்களால் சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் வேர் பிடித்தது. பஞ்சமும் வறட்சியுமாகக் கிடந்த ஊர்களுக்கு அது சோறு போட்டது, அதை மறுக்க முடியாது. ஆனால் தாளை மடிக்கும் பழக்கம் இந்த மண்ணுக்கு இப்படி இரண்டு வழியில் வந்திருக்கிறது. ஒன்று இருநூறு தாளோடு வந்தது. இன்னொன்று எண்ணிக் கொடுத்த தாளோடு வந்தது. விரல் செய்வது ஒரே வேலைதான். ஒரு வீட்டில் அதற்குக் கலை என்று பேர், இன்னொரு வீட்டில் கூலி என்று பேர்.

இரண்டையும் ஒரே கையில் வைத்திருந்த ஒருவர் நினைவுக்கு வருகிறார். ஜப்பானின் அகிரா யோஷிசாவா. தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். புதிதாகச் சேர்ந்த தொழிலாளிகளுக்கு வடிவக்கணிதம் புரிய ஓரிகாமி மடித்துக் காட்டியவர். பிறகு வேலையை விட்டுவிட்டுப் பல வருடம் வறுமையில் தாளை மட்டும் மடித்துக்கொண்டிருந்தார். 1954இல் அவர் வெளியிட்ட புத்தகம் மடிப்புகளுக்கு ஒரு குறிமொழியைத் தந்தது. உள்பக்க மடிப்புக்கு விட்டு விட்டுப் போகும் கோடு, வெளிப்பக்க மடிப்புக்குக் கோடும் புள்ளியும் மாறி மாறி வருவது, திருப்ப ஓர் அம்பு. ஜப்பானிய மொழி தெரியாதவரும் அந்தப் படத்தைப் பார்த்துக் கொக்கு மடிக்கலாம். நான் அக்காவுக்கு அப்படி ஒரு படத்தாளைக் கொடுத்தேன். இங்கிலீஷ் எழுத்துகளை ஒதுக்கிவிட்டு, கோடுகளை மட்டும் விரலால் தடவிப் பார்த்து, அரைமணி நேரத்தில் தவளையை முடித்துவிட்டார். எனக்கு அது இரண்டு நாள் பிடித்தது.

அந்தக் குறிமொழியில் எல்லா மடிப்புக்கும் குறி இருக்கிறது. எவ்வளவு அழுத்த வேண்டும் என்பதற்குக் குறி இல்லை. எங்கே கெட்டுப்போகும் என்பதற்கும் இல்லை. அந்த இரண்டுக்கும் பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும். அக்கா ஒருமுறை என் சுட்டுவிரலைப் பிடித்துப் பசைமேல் வைத்து, “இம்புட்டு” என்று அழுத்திக் காட்டினார். அதை எந்தக் கோட்டாலும் எழுத முடியாது. என் பங்குக்கு நான் கொடுக்க முடிந்தது அந்த டின்தான். ஒருநாள் அதை அவர் மடியில் கவிழ்த்தேன். ஒவ்வொன்றாக எடுத்து, இது ஏன் கெட்டது, அது எப்படிச் சரிந்தது என்று சொன்னேன். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

“இம்புட்டையும் கெடுத்துப்புட்டு டீச்சர் வேலையும் பாக்கிறீக.”

கெடுத்ததால்தான் பார்க்கிறேன் என்று சொல்ல நினைத்தேன், சொல்லவில்லை. அன்றும் அவர் வெட்டவில்லை. அடுத்த மார்கழியிலும் வெட்டவில்லை. நான் வெட்டுவேன், அவர் ஒட்டுவார். எங்கள் பள்ளிப் பொங்கல் விழாவுக்கு அப்படியே பதினைந்து வருடம் அட்டை செய்தோம். பிள்ளைகளிடம் பசையை அளந்து தடவச் சொல்வேன், தாளை மட்டும் அளக்காமல் கொடுப்பேன். கெட்டுப்போனதைக் குப்பையில் போடாமல் என்னிடம் காட்ட வேண்டும் என்பது வகுப்பின் ஒரே சட்டம். பசை அக்காவிடம் கற்றது. தாள் அக்காவுக்குக் கிடைக்காதது.

மகனுக்குத் திருப்பூரில் வேலை நிலைத்ததும் அக்கா அங்கே போய்விட்டார். தையல் மிஷினை விற்றுவிட்டார், ரீஃபில் கட்டை மட்டும் எடுத்துப் போனார். எப்போதாவது போனில் பேசுவோம். பேச்சு முழங்கால் வலியில் தொடங்கி முழங்கால் வலியில் முடியும்.

போன தை மாதம் எனக்கு ஒரு தபால் வந்தது. வீட்டிலேயே மடித்த உறை. அதன் வாயைப் பிரிக்கும்போதே தெரிந்துவிட்டது, ஓரத்தில் ஒரு துளிப் பசைகூடப் பிதுங்கவில்லை. உள்ளே விரியும் அட்டை. நாரின் குறுக்கே மடித்ததால் மடிப்பில் வெடிப்பு. வெட்டு பாதியைத் தாண்டி ஏறிப்போய், மூடினால் பானையின் விளிம்பு முக்கால் அங்குலம் வெளியே எட்டிப் பார்த்தது. பின்பக்கம் பென்சிலால் எழுதியிருந்தார்:

“டீச்சருக்கு. பேத்தி வெட்டுனா, கெட்டுச்சு. அவளுக்குச் சொல்லிக் குடுக்கப் போயி நானும் வெட்டுனேன், அதுவும் கெட்டுச்சு. இது நான் கெடுத்தது. மூணாவது நல்லா வந்துச்சு, அத அவ வச்சுக்கிட்டா. உங்க டப்பாவுல போட்டுருங்க.”

போட்டுவிட்டேன். பேத்திக்கு ஏழு வயது. இரண்டாம் வகுப்பு படிக்கிறாள்.